வளைவுக்கு அப்பால் நிற்கும் மான்: மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கான கேள்வி – பதில்

மலைப்பாதைகளில் விலங்குகள் மீது மோதாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: மலைப்பாதையில் நான் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதே இல்லை. ஆனாலும் சென்ற மாதம் மேட்டிலிருந்து பாய்ந்த மான் ஒன்று என் முன்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் கடந்து போனது. வேகத்தை இன்னும் எவ்வளவு குறைக்க வேண்டும்?

பதில்: உங்களுக்கும் அந்த மானுக்கும் ஒன்றும் நேரவில்லை என்பது பெரிய ஆறுதல். நீங்கள் வேகத்தை ஓர் எண்ணாகக் கேட்கிறீர்கள். ஆனால் மலைப்பாதையில் அந்தக் கேள்விக்கான விடை தூரத்தில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சாலையின் நீளத்துக்குள் வண்டியை முழுமையாக நிறுத்திவிட எந்த வேகத்தில் முடியுமோ, அதுதான் அந்த இடத்துக்கு உரிய வேகம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லாத குறுகிய பாதையாக இருந்தால், தெரியும் நீளத்தில் பாதிக்குள் நிறுத்த முடிய வேண்டும். ஏனென்றால் மீதிப் பாதி எதிரே வருபவருக்குத் தேவை.

கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. எதிர்பாராத ஒன்றைக் கண்டு, அது என்னவென்று உணர்ந்து, கையும் காலும் பிரேக்கை அழுத்துவதற்குள் ஒன்றரை விநாடி ஆகிவிடும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளேயே 25 மீட்டர் கடந்துவிடுகிறது. அதன்பிறகு உலர்ந்த, சமமான சாலையில் நன்றாக பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 45 மீட்டர். அதே கணக்கில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் 26 மீட்டரில் நின்றுவிடுகிறார். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உண்மை உறைக்கிறது: 40-இல் வந்தவர் நின்றுவிட்ட அதே இடத்தில், 60-இல் வந்தவர் அப்போதுதான் பிரேக்கைத் தொட்டிருப்பார். அங்கே ஒரு மான் நின்றிருந்தால், அவர் ஏறக்குறைய முழு வேகத்துடன் அதன்மீது மோதுவார்.

இது சமதளத்துக்கான கணக்கு. ஈரமான சாலையில் அந்த 20 மீட்டர் 35 மீட்டராகக்கூட நீளும். ஈரத்தோடு இறக்கமும் சேர்ந்தால் அதற்கும் மேலே போகும். பாறைச் சுவரை ஒட்டித் திரும்பும் கொண்டை ஊசி வளைவுகளில் 15 மீட்டருக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத இடங்கள் உண்டு. அங்கே 30 கிலோமீட்டர் வேகம்கூட அதிகம்தான். நேரான, இருபுறமும் திறந்த நீட்சியில் 60-இல் போவதில் தவறில்லை. அடுத்த வளைவு தொடங்குவதற்குள் அதைக் குறைத்திருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். பலர் மலைப்பாதையில் நான்கு விரல்களாலும் கைப்பிடியை இறுகப் பற்றியபடியே ஓட்டுகிறார்கள். சந்தேகத்துக்குரிய இடங்களில் முன் பிரேக்கின் மேல் இரண்டு விரல்களும் பின் பிரேக்கின் மேல் காலும் முன்கூட்டியே இருந்தால், எதிர்வினையில் அரை விநாடி மிச்சமாகலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை விநாடி 8 மீட்டருக்குச் சமம். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். என்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்வதால் பிரேக்குகள் சூடேறாமல், தேவைப்படும் நொடிக்கு முழு வலுவுடன் காத்திருக்கும்.

கேள்வி: விலங்கு திடீரென்று குறுக்கே வந்தால் வண்டியை ஒடித்துத் திருப்பி விலகிப் போவதா, பிரேக் பிடிப்பதா? நண்பர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

பதில்: பிரேக் பிடியுங்கள், அதுவும் நேராக. இதில் எனக்கு ஐயம் இல்லை.

முதல் காரணம் டயர். சாலையைப் பற்றிக்கொள்ள டயரிடம் உள்ள பிடிப்பு அளவுக்கு உட்பட்டது. திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் அதே பிடிப்பைத்தான் பங்கிட்டாக வேண்டும். முழு பலத்துடன் பிரேக்கை அழுத்தியபடியே வண்டியை ஒடித்தால் இரண்டுக்கும் போதாமல் சக்கரம் வழுக்கிவிடும். இரண்டாவது காரணம் விலங்கின் இயல்பு. மான் ஒரே திசையில் ஓடி முடிப்பதில்லை. நடுச்சாலையில் உறைந்து நிற்கும், அல்லது வந்த வழியே சட்டென்று திரும்பும். அது வலப்புறம் போகும் என்று கணித்து நீங்கள் இடப்புறம் விலகும் அதே நொடியில் அதுவும் இடப்புறம் பாயலாம். மூன்றாவது, மலைப்பாதையில் விலகிப் போக இடம் எங்கே இருக்கிறது? ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம், எதிரே வளைவில் மறைந்து வரும் வண்டி.

ஆகவே வண்டியை நிமிர்த்தி, பார்வையை நேரே வைத்து, கிளட்சைப் பிடித்து, இரண்டு பிரேக்குகளையும் அழுத்த வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடையின் பெரும்பகுதி முன்சக்கரத்தின் மேல் சாய்வதால், நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன் பிரேக்தான் செய்கிறது. இறக்கத்தில் இது இன்னும் கூடுதல். ஆனால் அதை ஒரே பிடியாகப் பிடித்திழுக்காமல், ஒரு நொடிக்குள் மென்மையில் தொடங்கி இறுக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியானால் இறுகப் பிடித்தபடியே இருங்கள். லீவர் துடிப்பதைக் கண்டு விட்டுவிடாதீர்கள். இல்லாத வண்டியில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் உடனே தளர்த்தி மீண்டும் பிடிக்க வேண்டும். ஓரளவு வேகம் குறைந்தபின் இடம் இருந்தால், விலங்கின் பின்புறமாகக் கடந்து போகலாம். அப்போது கண்கள் விலங்கின் மேல் அல்லாமல் நீங்கள் போக வேண்டிய இடைவெளியின் மேல் இருக்கட்டும். கண் எதில் நிலைக்கிறதோ வண்டியும் அதை நோக்கியே போகும்.

வளைவின் நடுவே, வண்டி சாய்ந்திருக்கும்போது விலங்கு எதிர்ப்பட்டால் நிலைமை கடினமானது. பெரும்பாலான ஏ.பி.எஸ். அமைப்புகள் நேராகச் செல்லும் வண்டியை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. சாய்வையும் கணக்கில் கொள்ளும் அமைப்பு சில வண்டிகளில் மட்டுமே உண்டு. நிமிர்த்த இடமிருந்தால் நிமிர்த்திவிட்டு முழுமையாகப் பிடியுங்கள். இடமில்லையென்றால் சாய்வு குறையக் குறைய பிரேக்கை மெல்லமெல்ல கூட்டுங்கள். வளைவுக்குள் நுழையும்போதே வேகம் குறைந்திருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதே இல்லை.

மோதல் தவிர்க்க முடியாது என்று தெரிந்தபின் செய்ய வேண்டியது விலங்கின் அளவைப் பொறுத்தது. முயல், கீரி, அணில் போன்ற சிறிய உயிராக இருந்தால் அதற்காக வண்டியை ஒடிக்காதீர்கள். இதை எழுதும்போது எனக்கும் மனம் கனக்கிறது. ஆனால் பின்னால் அமர்ந்திருப்பவரின் உயிரும் உங்கள் கையில்தான் இருக்கிறது. கைப்பிடியை உறுதியாக நேராகப் பிடித்து, சக்கரம் அதைத் தொடும் முன் பிரேக்கை விட்டு, இருக்கையிலிருந்து சற்றே எழுந்து முழங்கால்களை மடித்து அதிர்ச்சியைத் தாங்குங்கள். பிரேக் பிடித்த நிலையில் முன்சக்கரம் ஒன்றின்மீது ஏறினால், முன் போர்க் (முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்ச்சியை வாங்கும் இரட்டைக் குழாய்கள்) ஏற்கனவே அமுங்கியிருப்பதால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள அதற்கு இடமிருக்காது. மானோ காட்டுப்பன்றியோ போன்ற கனமான விலங்கானால் கடைசிவரை வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருங்கள். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 60 கிலோமீட்டரில் மோதுவதைவிட 30-இல் மோதுவது நான்கில் ஒரு பங்கு ஆற்றலே.

“வண்டியைச் சாய்த்துப் போட்டுத் தப்பித்தேன்” என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். சாலையில் சறுக்கும் இரும்பைவிட நன்கு பிடிக்கும் டயர்தான் விரைவாக நிறுத்தும். வேண்டுமென்றே விழுவது ஒரு நுட்பம் அல்ல.

இவற்றைப் படித்து அறிவதால் மட்டும் கை பழகாது. போக்குவரத்து இல்லாத திறந்த இடத்தில் 30, 40 என்று வேகத்தைக் கூட்டி அவசர பிரேக்கை மாதம் ஒரு முறையாவது பயிற்சி செய்யுங்கள்.

கேள்வி: ‘விலங்குகள் கடக்கும் பகுதி’ என்ற பலகை பல கிலோமீட்டருக்கு ஒன்றாக நிற்கிறது. உண்மையில் எந்த இடத்தில் கடக்கும் என்பதை ஓட்டுபவர் அறிய முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். என்னைப் பொறுத்தவரை மலைப்பாதையில் ஓட்டுவதில் மிகவும் சுவையான பகுதியும் இதுதான். பலகை ஒரு நீண்ட பகுதியைக் குறிக்கிறது. எந்த இடம் என்பதை நிலம்தான் சொல்லும்.

விலங்கும் நம்மைப் போலவே எளிதான வழியைத் தேடுகிறது. மலைச்சரிவை வெட்டிப் போடப்பட்ட சாலையின் மேற்புறம் செங்குத்தான மண்சுவராக இருக்கும் இடத்தில் அது இறங்காது. அந்தச் சுவர் தாழ்ந்து, சரிவு சாலையோடு வந்து சேரும் இடத்தில் இறங்கும். ஓடை சாலையைக் கடக்கும் சிறு பாலங்கள், இரு சரிவுகள் சந்திக்கும் மடிப்புகள், மலைத்தொடர் தாழும் கணவாய்கள், காடும் புல்வெளியும் சந்திக்கும் விளிம்புகள் ஆகியவை அவற்றின் வழக்கமான வழிகள். மேட்டில் செடிகள் ஒதுங்கி மண் தேய்ந்த ஒரு தடம் தெரிந்தால், எதிர்ப்புறத்திலும் அதன் தொடர்ச்சி இருக்கும். சாலையில் கிடக்கும் சாணமும் புழுக்கையும் காலை நேரத்துச் செய்தித்தாள் போன்றவை. ஈரமாக இருந்தால் செய்தி புதியது.

எதற்காக வருகின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள். சாலையோரம் வெயில் நன்றாகப் படுவதாலும், புல்லை அடிக்கடி வெட்டுவதாலும், முதல் மழைக்குப்பின் இளந்தளிர் அங்கேதான் முதலில் தோன்றுகிறது. வறண்ட மாதங்களில் சாலையோரக் கால்வாயில் தேங்கிய நீருக்கு வரும். பழம் உதிரும் மரத்தடிக்கு வரும். பனி உறையும் நாடுகளில் சாலையில் தூவும் உப்பை நக்குவதற்காகவே மலை ஆடுகளும் மூஸ் என்னும் பெரிய மான்களும் வருகின்றன. பகல் வெப்பத்தைத் தேக்கி வைத்த தார்ச்சாலையில் மாலையில் பாம்புகள் வந்து படுக்கும். பக்கி என்னும் இரவுப் பறவையும் சாலையிலேயே அமரும்.

நேரம் என்று பார்த்தால் விடியலும் அந்தியுமே முதன்மையானவை. மான் வகைகள் பலவும் அந்த இரு வேளைகளில்தான் மேய்ச்சலுக்காக அதிகம் நடமாடுகின்றன. நம் கண்கள் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையே தடுமாறும் வேளைகளும் அவையே. இணைசேரும் பருவத்தில் ஆண் மான்கள் சாலையையோ வண்டியையோ பொருட்படுத்துவதில்லை. குளிர்நாடுகளில் அது இலையுதிர்காலம்.

மலைப்பாதைக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. ஒருபுறம் மண்சுவர், மறுபுறம் கைப்பிடிச் சுவர் என்று அடைபட்ட நீட்சிக்குள் வந்துவிட்ட விலங்கு, வெளியேற வழியில்லாமல் சாலையின் போக்கிலேயே உங்கள் முன்னால் ஓடும். பின்தொடர்ந்து ஓட்டினால் அது களைத்துத் திகைத்து உங்கள் பக்கமே திரும்பலாம். நின்றுவிடுங்கள்; சுவர் முடியும் இடத்தில் அது தானே விலகும்.

இவை எல்லாவற்றிலும் மேலாக நினைவில் வைக்க வேண்டியது: ஒன்று கடந்தால் இன்னொன்று வரும். ஓட்டத் தொடங்கிய புதிதில், முன்னே ஒரு மான் கடந்து போனதும் நிம்மதியடைந்து ஆக்சிலரேட்டரைத் திருகினேன். அதன் குட்டி என் காலணியை உரசிக்கொண்டு தாயின் பின்னே ஓடியது. அந்த உரசல் இன்றும் காலில் இருக்கிறது. முதல் விலங்கு கடந்ததும் அது போன திசையைப் பார்க்காமல், அது வந்த திசையைப் பாருங்கள்.

கேள்வி: ஒளி மிகுந்த கூடுதல் விளக்குகளைப் பொருத்தினால் இரவிலும் துணிந்து போகலாமா?

பதில்: விளக்கு உதவும், ஆனால் அது தரும் துணிவு பல நேரங்களில் வெளிச்சத்தைவிட வேகமாக ஓடிவிடுகிறது.

மான், பூனை இனங்கள் போன்ற பல விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. இரவில் கண்கள் மின்னுவது அதனால்தான். ஆனால் விலங்கு உங்களை நோக்கினால் மட்டுமே அந்த மின்னல் தெரியும். குரங்குகளுக்கு அந்தப் படலமே இல்லை. காட்டுப்பன்றி கருமையாகவும் தாழ்வாகவும் இருப்பதால் தார்ச்சாலையோடு கலந்துவிடும். காட்டெருமையின் உடல் கருமை. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெண்மை. தாழ்ந்த ஒளியில் முதலில் கண்ணில் படுவது காலுறை அணிந்ததுபோன்ற அந்த வெண்கால்கள்தான். இருளில் தனியாக நிற்கும் வெளிறிய கம்பங்களைக் கண்டால், அவற்றின் மேல் ஒரு டன் வரை எடையுள்ள உடல் இருக்கக்கூடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு இன்னொரு குறையும் உண்டு. வளைவில் வண்டி சாயும்போது விளக்கும் சேர்ந்து சாய்வதால், நீங்கள் போகப்போகும் உட்புறம்தான் அதிகம் இருளடைகிறது. எனவே கூடுதல் விளக்கு வாங்குவதானால், தொலைவுக்குக் குவியும் ஒளியைவிடச் சாலையின் இரு ஓரங்களுக்கும் விரியும் ஒளியே பயன் தரும். மூடுபனியில் உயர் ஒளியை அணைத்துவிடுங்கள். அது பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். விலங்கு உறைந்து நின்றால், வண்டியை நிறுத்தியபின் ஒளியைத் தாழ்த்துங்கள். கண் கூசுவது நின்றால் அதற்கு வழி தெரியும். பயணத்தை மாற்ற முடியுமானால், அந்திக்கு முன் மலையைவிட்டு இறங்கிவிடுவது எந்த விளக்கையும்விட மேலானது.

கேள்வி: காற்றில் ஒலிக்கும் ‘மான் விசில்’ கருவிகள் பயன்படுமா? சத்தமான சைலன்சர் விலங்குகளை எச்சரிக்கும் என்பது உண்மையா?

பதில்: இரண்டையும் நம்பி வேகத்தைக் கூட்ட வேண்டாம். வண்டியில் பொருத்தும் விசில்கள் மோதல்களைக் குறைப்பதாக ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. சைலன்சரின் ஒலி பெரும்பாலும் பின்னோக்கிச் செல்கிறது. மலையில் அது பாறைகளில் பட்டு எதிரொலிப்பதால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று விலங்குக்குத் தெரியாது. மிரண்டு ஓடும் விலங்கு சாலையைவிட்டு ஓடும் என்பதற்கும் உறுதி இல்லை.

கேள்வி: ஐந்தாறு பேர் சேர்ந்து போகும்போது எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

பதில்: முதலில் போகும் வண்டி விலங்கை மிரட்டிவிட்டுப் போய்விடும், அது பாய்வது இரண்டாவது, மூன்றாவது வண்டியின் மீதுதான். பகலில் மூன்று விநாடி தூரமாவது வேண்டும், அந்தியில் அதற்கும் மேல். முன்னால் போகிறவர் விலங்கைக் கண்டால் பிரேக் விளக்கைச் சிலமுறை மின்னவிட்டுக் கையைக் காட்டலாம். பின்னால் அமர்ந்திருப்பவர் விலங்கைப் பார்த்ததும் அலறித் தோளைப் பிடித்து இழுப்பது ஆபத்து. எந்தப் பக்கம் விலங்கோ அந்தப் பக்கத் தோளை இருமுறை தட்டுவது என்று புறப்படும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வளைவைத் தாண்டியதும் நடுச்சாலையில் யானை நின்றது. ஹாரன் அடித்தேன், அது என்னை நோக்கி நான்கடி வந்தது. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: ஹாரன் அடித்திருக்கக் கூடாது. யானையிடமும் காட்டெருமையிடமும் ஒலியால் வழி கேட்க முடியாது. தொலைவிலேயே நின்று, என்ஜினை ஓடவிட்டு, விளக்கைத் தாழ்த்தி, அது தன் போக்கில் போகும்வரை காத்திருக்க வேண்டும். காதுகளை அகல விரித்துத் தலையை உயர்த்தி உங்களை நேராக நோக்கினால் அது எச்சரிக்கை. உடனே பின்வாங்க வேண்டும். ஆனால் மோட்டார் சைக்கிளைக் குறுகிய ஏற்றத்தில் திருப்புவதற்குப் பல நொடிகள் பிடிக்கும், யானையோ மணிக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வேகத்தில் வரக்கூடும். ஆகவே திருப்புவதற்கு இடமும் நேரமும் இருக்கும் தொலைவிலேயே நின்றுவிட வேண்டும். குட்டியோடு நிற்கும் தாய்க்கும் குட்டிக்கும் இடையே எக்காரணத்தாலும் வண்டியை விடாதீர்கள். இறங்கிப் படம் எடுக்காதீர்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசுவதும் இதே வகைத் தவறு. வண்டி நின்றால் உணவு கிடைக்கும் என்று பழகிய குரங்குதான் அடுத்து வரும் சக்கரத்தின் முன் ஓடி வருகிறது.

கேள்வி: இரவில் ஒரு முள்ளம்பன்றி மேல் வண்டியை ஏற்றிவிட்டேன். பயத்தில் நிற்காமல் போய்விட்டேன். அது இன்னும் மனத்தை அரிக்கிறது. அந்த நிலையில் ஒருவர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பயந்ததில் குற்றமில்லை, மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. இனி இப்படி நேர்ந்தால் வளைவைத் தாண்டி, பின்னால் வருபவர்களுக்குத் தெரியும் இடத்தில் நிறுத்தி, இரு பக்க இன்டிகேட்டர்களையும் எரியவிடுங்கள். முதலில் உங்கள் உடலையும் உடன் வந்தவரையும் பாருங்கள். அதிர்ச்சியில் வலி தாமதமாகவே தெரியும். காயமுற்ற விலங்கின் அருகே போகாதீர்கள், தூக்கவோ நீர் புகட்டவோ முயலாதீர்கள். உயிர் பயத்தில் அது கடிக்கும், முட்டும். வனத்துறைக்கோ காவல்துறைக்கோ தொலைபேசியில் சொல்லி, அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணைத் தெரிவியுங்கள். சிறிய உயிர்தானே என்று விட்டுவிடாதீர்கள்: சாலையில் கிடக்கும் உடலைத் தின்ன வரும் நரியும் கழுகும் அடுத்த வண்டியில் அடிபடுகின்றன, அதை விலக்க ஓட்டுபவர்களும் தடுமாறுகிறார்கள்.

மீண்டும் புறப்படும் முன் கைப்பிடி நேராக இருக்கிறதா, முன் போர்க் வளைந்திருக்கிறதா, பிரேக் லீவரும் அதன் குழாயும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். முள்ளம்பன்றியானால் டயரை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள். ஒடிந்து தங்கிய முள் சில கிலோமீட்டர் கழித்து, இறக்கத்தின் நடுவில் காற்றை இறக்கிவிடக்கூடும்.